கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மரை: ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோருக்கு

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வானங்களையும் பூமியையும் அவற்றில் பரவியிருக்கும் உயிரினங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கின்ற அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரது குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டது. நம் மஹல்லாவில் இருந்தும் வான்கள் புறப்படுகின்றன. சிலர் நுவரெலியாவுக்கு, அங்கிருந்து பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளிக்கு. போக வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இங்கே நிற்கவில்லை. போங்கள். குடும்பத்தோடு போங்கள். அல்லாஹ்வின் படைப்பைப் பார்ப்பது பொழுதுபோக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆவிலும் இரு பெருநாள் தொழுகைகளிலும் ஸூரா அல்காஷியாவை ஓதி வந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அந்த ஸூராவின் 17ஆம் வசனத்தில் இருந்து 20ஆம் வசனம் வரை அல்லாஹ் நம்மைப் பார்க்கச் சொல்கிறான். ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டது, வானம் எப்படி உயர்த்தப்பட்டது, மலைகள் எப்படி நாட்டப்பட்டன, பூமி எப்படி விரிக்கப்பட்டது என்று வரிசையாகக் கேட்கிறான். கவனித்தீர்களா, மலைக்கு முன்னால் ஒரு மிருகத்தைப் பார்க்கச் சொல்கிறான். நாம் மலைக்குப் போனால் மலையைப் பார்க்கிறோம், நம்மை நாமே படம் பிடிக்கிறோம், மிருகத்தைக் கண்டால் பிஸ்கட் பக்கற்றைப் பிரிக்கிறோம். இன்றைய பேச்சு அந்த பிஸ்கட் பக்கற்றைப் பற்றியதுதான்.

ஹோட்டன் சமவெளி என்பது கடல் மட்டத்தில் இருந்து 2100 மீற்றருக்கும் மேலே இருக்கிற, ஏறத்தாழ 3160 ஹெக்டேயர் பரப்புள்ள நிலம். 1988இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நாட்டின் இரண்டாவது, மூன்றாவது உயர்ந்த சிகரங்களான கிரிகல்பொத்தவும் தொட்டுபொலகந்தவும் அங்கேதான் இருக்கின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் போகிறது. கொழும்பில் களனி ஆற்றுத் தண்ணீரில் வுழூச் செய்கிற ஒருவருக்கும், எம்பிலிப்பிட்டியவில் வளவை நீரில் வயல் செய்கிற ஒருவருக்கும் அந்த மூடுபனி நிறைந்த புல்வெளியோடு சம்பந்தம் இருக்கிறது. அவர்கள் அந்தப் பக்கம் போயே இருக்காமல் இருக்கலாம். ஆனாலும் அந்தப் புல்லும் பாசியும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல இறக்கி விடுவதால்தான் அவர்களுக்கு நீர் வந்து சேர்கிறது.

அங்கே வாழும் உயிரினங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நேரம் போதாது. இரண்டைச் சொல்கிறேன். அங்கே ஒரு தேவாங்கு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு, பெரிய கண்கள். அந்த மலைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அந்த வகை இல்லை. 1937க்குப் பிறகு மிகச் சில தடவைகளே யாருடைய கண்ணிலாவது பட்டது. அழிந்து போயிருக்கும் என்றே கருதினார்கள். 2010இல்தான் அதன் முதல் புகைப்படங்கள் உலகத்துக்கு வெளிவந்தன. இத்தனை ஆண்டுகள் மனிதன் கணக்கில் எடுக்காத ஒரு சிறிய உயிருக்கு அந்தக் குளிர் இரவுகளில் ரிஸ்க் கொடுத்தது யார்? ஸூரா ஹூதின் 6ஆம் வசனத்தை நினைத்துப் பாருங்கள். பூமியில் ஊர்ந்து திரியும் எந்த உயிரானாலும் அதன் உணவு தன் பொறுப்பு என்றும், அது எங்கே தங்குகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பதைத் தான் அறிவேன் என்றும் அல்லாஹ் சொல்கிறான்.

இன்னொன்று மூக்கின் நுனியில் கொம்புள்ள ஓணான். நம் நாட்டின் மலைநாட்டுக்கே உரியது. மிக மெதுவாகத்தான் நகரும். ஓடித் தப்பத் தெரியாது. அதனால்தான் பிள்ளைகள் அதைக் கிளையோடு ஒடித்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் படம் பிடிக்கிறார்கள். பிள்ளைகள் மட்டுமா, பெரியவர்களும்தான்.

சரி, மரைக்கு வருவோம்.

ஹோட்டன் சமவெளிக்குப் போன யாரும் மரையைக் காணாமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். பழைய ஃபார் இன் கட்டடத்தின் பக்கம், வாகனங்கள் நிறுத்தும் இடத்திலேயே வந்து நிற்கும். சில மரைகள் மனிதனுக்குப் பயப்படுவதில்லை. கையில் இருக்கும் பாணைத் தின்னும். பையை மோந்து பார்க்கும். காட்டு மிருகம் ஏன் இப்படி ஆனது? பல ஆண்டுகளாக வந்து போனவர்கள் கொடுத்துப் பழக்கியதால். அதன் விளைவு என்ன தெரியுமா? அங்கே இறந்து கிடந்த மரைகளின் வயிற்றில் இருந்து பொலித்தீன் எடுக்கப்பட்டிருக்கிறது. அசைபோடும் மிருகத்தின் வயிறு மாட்டின் வயிற்றைப் போன்றது. உப்பு வாசனைக்காகவும் உணவு வாசனைக்காகவும் உறையைச் சேர்த்து விழுங்கிவிடும். அது சமிக்காது, வெளியேறாது. உள்ளேயே உருண்டை கட்டிக்கொண்டு கிடக்கும். வயிறு நிறைந்திருப்பதாக மிருகத்துக்குத் தோன்றும். பச்சைப் புல் சூழ நின்றுகொண்டே அது பட்டினியால் மெலிந்து சாகும்.

அந்தப் பக்கற்றைப் பிரித்தவர் இதற்கிடையில் வீட்டுக்குப் போயிருப்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பதிவேட்டில்?

இங்கே ஒரு கேள்வி எழும். சென்ற வருடம் ஒரு வாலிபர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். "ஹழ்ரத், ஈரமான ஈரல் உள்ள எந்த உயிருக்கு உதவினாலும் நன்மை உண்டு என்று ஹதீஸ் இருக்கிறதே, மரைக்குப் பாண் கொடுப்பது ஸதகாதானே?" என்றார். நல்ல கேள்வி. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் அந்த ஹதீஸின் சம்பவத்தைப் பாருங்கள். ஒரு மனிதர் தாகத்தோடு கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வருகிறார். ஒரு நாய் தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு ஈரமண்ணை நக்கிக்கொண்டு நிற்கிறது. மீண்டும் இறங்கித் தன் காலுறையில் நீரை மொண்டு வந்து அதற்குப் புகட்டுகிறார். அல்லாஹ் அவரை மன்னிக்கிறான். அந்த நாய்க்குத் தேவை இருந்தது, அந்தத் தேவை என்னவோ அதையே அவர் கொடுத்தார். மரைக்கு என்ன தேவை இருக்கிறது? காலடியில் புல் இருக்கிறது, பக்கத்தில் ஓடை இருக்கிறது. நாம் கொடுப்பது நம்முடைய ஆசைக்காக. அது நம் கையில் தின்னும்போது நமக்கு ஒரு சந்தோஷம், ஒரு வீடியோ.

இன்னொரு ஹதீஸை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண் நரகம் சென்ற ஹதீஸ். அதில் ஒரு துண்டை நாம் கவனிப்பதில்லை. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, பூமியில் ஊர்ந்து திரிபவற்றைத் தின்றுகொள்ளும்படி அவிழ்த்து விடவும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆகவே அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. கட்டி வைத்தால் உணவு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும், அல்லாஹ் பூமியில் வைத்திருப்பதை அது தேடிக்கொள்ளும். நாம் கட்டி வைக்காத ஒரு மிருகத்தின் விடயத்தில் விட்டுவிடுவதே அதற்குச் செய்யும் கடமை. வீட்டில் ஆடு வளர்க்கிறவருக்கு உள்ள சட்டம் வேறு, காட்டு மரைக்கு முன்னால் நிற்கிறவருக்கு உள்ள சட்டம் வேறு.

சகோதரர்களே! அல்மாஇதா ஸூராவின் 94ஆம் வசனம் இஹ்ராம் அணிந்தவர்களைப் பற்றியது. உங்கள் கைகளும் ஈட்டிகளும் எட்டிப் பிடிக்கக்கூடிய வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் உங்களைச் சோதிப்பான், மறைவில் அவனை அஞ்சுகிறவர் யார் என்று தெரிவதற்காக என்ற கருத்தை அங்கே அல்லாஹ் சொல்கிறான். தூரத்தில் ஓடுகிற மானைக் கொண்டு சோதனை இல்லை. கையை நீட்டினால் பிடிக்கலாம் என்று பக்கத்தில் வந்து நிற்கிறதே, அதைக் கொண்டுதான் சோதனை. அதுவும் மறைவில். பூங்காவின் நுழைவாயிலில் அதிகாரி பையைத் திறந்து பார்க்கும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். நடைபாதையில் இரண்டு மூன்று கிலோமீற்றர் போன பிறகு, மூடுபனிக்குள், யாரும் இல்லாத வளைவில் நாம் யார்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டன் சமவெளி ஹரம் அல்ல. மக்காவுக்கும் மதீனாவுக்கும் உள்ள புனிதத்தை வேறெந்த இடத்துக்கும் கொடுக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் அந்த இரு இடங்களில் நபியவர்கள் தோழர்களுக்குப் பழக்கிய ஒழுக்கம் இருக்கிறதே, அது எங்கே போனாலும் நம்மோடு வர வேண்டும். மக்காவின் ஹரத்தில் வேட்டைப் பிராணியைக் கொல்வது மட்டுமா தடை? அதை விரட்டுவதும் தடை, இருந்த இடத்தை விட்டு எழுப்பிவிடுவதும் தடை. மதீனாவைப் பற்றி அபூஹுரைரா (ரழி) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. மதீனாவில் மான்கள் மேய்ந்துகொண்டிருப்பதைக் கண்டால் தான் அவற்றைத் திடுக்கிடச் செய்ய மாட்டேன் என்றார்கள். பசியால் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு வாழ்ந்த ஒரு மனிதர் இதைச் சொல்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

இதைவிட என் உள்ளத்தைத் தொட்ட ஒரு சம்பவம் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் அணிந்து மக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ருவைஸாவுக்கும் அர்ஜுக்கும் இடையில் ஒரு மான் நிழலில் சுருண்டு படுத்திருக்கிறது. அதன் உடம்பில் ஓர் அம்பு தைத்திருக்கிறது. யாரோ எய்தது. பின்னால் பெரிய கூட்டம் வருகிறது. நபியவர்கள் ஒரு தோழரை அழைத்து, மக்கள் எல்லோரும் கடந்து போகும் வரை அதன் பக்கத்தில் நிற்கும்படியும், ஒருவரும் அதைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ளும்படியும் கட்டளையிட்டார்கள்.

ஒரு மானுக்கு ஒரு ஸஹாபி காவல். கூட்டம் முழுவதும் போய் முடியும் வரை. பயணத்தில், வெயிலில், எல்லோரும் முன்னே போய்க்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் அங்கே நின்றார். இன்று நம் குழுக்களில் அந்த ஸஹாபியின் இடத்தில் நிற்க யார் இருக்கிறார்? நாற்பது பேர் பஸ்ஸில் போகிறோம். சமையலுக்குப் பொறுப்பாக ஒருவர், காசுக்குப் பொறுப்பாக ஒருவர், பாட்டு பெட்டிக்கும் ஒருவர் இருக்கிறார். கடைசி ஆளாக நடந்து வந்து, பிள்ளைகள் ஒரு மரையைச் சூழ்ந்துகொண்டால் மெல்ல விலக்கி, கீழே விழுந்த உறையைப் பொறுக்கி வருவதற்கு ஒருவரை நியமித்துப் பாருங்கள். அது ஒரு ஸுன்னத்தை உயிர்ப்பிப்பது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

இப்போது வாசலைப் பற்றி. பட்டிப்பொல வழியாகப் போனாலும் ஒஹிய வழியாகப் போனாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் இருப்பார்கள். பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருக்கும் லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். எரிச்சலாக இருக்கும். வரிசை நீளும். அப்போது நம்மில் சிலருக்கு ஒரு பழக்கம், தொலைபேசியை எடுத்துத் தெரிந்த பெரிய மனிதர் யாருக்காவது அழைப்பது.

நபி (ஸல்) அவர்கள் நகீஃ என்ற இடத்தை ஹிமாவாக, அதாவது பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலமாக ஒதுக்கினார்கள். பிறகு உமர் (ரழி) அவர்கள் தமது ஆட்சியில் ஷரஃப், ரபதா ஆகிய இடங்களை அப்படி ஒதுக்கினார்கள். அந்த ஹிமாவுக்குக் காவலராக ஹுனை என்ற தமது பணியாளரை நியமித்து, அவருக்குக் கொடுத்த அறிவுரை புகாரியில் இருக்கிறது. மக்களிடம் பணிவாக நடந்துகொள், அநியாயத்துக்கு உள்ளானவனின் துஆவுக்குப் பயந்துகொள், சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு என்றார்கள். அடுத்து இரண்டு பெயர்களைச் சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபின் கால்நடைகளையும், உஸ்மான் பின் அஃப்பானின் கால்நடைகளையும் உள்ளே விட்டுவிடாதே என்றார்கள். சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட இரண்டு பெரும் ஸஹாபிகள்! அவர்களுக்குத் தோட்டங்களும் பேரீச்ச மரங்களும் இருக்கின்றன, அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள் என்பது உமர் (ரழி) அவர்களின் நியாயம். ஹிமாவின் வாசலில் செல்வாக்கு வேலை செய்யவில்லை. நம் செல்வாக்கு அவர்களுடையதைவிடப் பெரியதா?

நுழைவுச் சீட்டு வாங்கும்போது நாம் ஓர் உடன்படிக்கைக்குள் நுழைகிறோம். அல்மாஇதாவின் முதல் வசனமே உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி முஃமின்களை அழைத்துச் சொல்கிறது. பாதையை விட்டு இறங்காதே, நீரோடையில் குளிக்காதே, பூவையும் செடியையும் உதிர்ந்த கொம்பையும் எடுக்காதே என்பதெல்லாம் அந்த உடன்படிக்கையில் அடங்கியவை. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நெலு பூக்கும். அந்தக் காலத்தில் ஒரு கொத்தைப் பறித்தவர், அந்தச் செடி விதைபோட்டுச் சாவதற்கு முன் அதற்கு இருந்த ஒரே சந்தர்ப்பத்தில் கை வைக்கிறார். நெலு ஒரு முறைதான் பூக்கும். பூத்து விதைத்ததும் செடி பட்டுப்போகும்.

அதிகாலைப் பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் உலக முடிவு மூடுபனியால் மறைந்துவிடும் என்பதால் எல்லோரும் விடியுமுன் ஓடுகிறோம். அதே நேரம்தான் மரையும் சிறுத்தையும் பாதையைக் கடக்கும் நேரம். சாரதித் தம்பிமாரே, பூங்காவுக்குள் ஊர்ந்தே போங்கள். பனிக்குள் ஹோன் அடித்துப் பாதையைக் காலியாக்க வேண்டாம். காட்சி தவறினால் தவறட்டும். சிறுத்தையைக் கண்டால் இறங்க வேண்டாம், இடத்தையும் நேரத்தையும் உடனே முகநூலில் போட வேண்டாம். ஹுதைபிய்யா ஆண்டில் அபூகதாதா (ரழி) இஹ்ராம் அணியாத நிலையில் வேட்டையாடிய இறைச்சியை இஹ்ராமில் இருந்த தோழர்கள் உண்டபோது, உங்களில் யாராவது அவருக்கு அதைச் சுட்டிக் காட்டினீர்களா என்றுதான் நபியவர்கள் விசாரித்தார்கள். சுட்டிக் காட்டுவதும் ஒரு செயல்தான். பத்து வாகனங்கள் ஒரு மிருகத்தைச் சுற்றி நிற்பதற்குக் காரணமானவர், தான் எதையும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது.

குரலையும் நடையையும் பற்றி லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்னது 31ஆம் ஸூராவின் 19ஆம் வசனத்தில் இருக்கிறது. நடையில் நடுநிலையும் குரலில் தாழ்வும். அந்தச் சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். பிள்ளைகளுக்கு இந்த வசனத்தைச் சொல்லிக் கொடுத்து அங்கே நடத்திப் பாருங்கள். ஒலிபெருக்கிப் பெட்டியை வானிலேயே விட்டுவிடுங்கள். சத்தமில்லாமல் போகிறவருக்குத்தான் பறவைகள் வெளியே வரும். உலக முடிவின் விளிம்பில், கீழே ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளத்தைப் பார்த்து நிற்கும்போது, பூமியில் பெருமையோடு நடக்காதே, உன்னால் மலைகளின் உயரத்தை எட்ட முடியாது என்ற கருத்துள்ள அல்இஸ்ராவின் 37ஆம் வசனத்தை நினைவுபடுத்துங்கள். அந்த இடத்தில் அதற்கு விளக்கம் சொல்ல எந்த ஹழ்ரத்தும் தேவையில்லை. தடுப்புக்கு அப்பால் போய்ப் படம் பிடிக்கவும் வேண்டாம். உயிர் ஓர் அமானத்.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி வரும். 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவில் வாழ்ந்த சேமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரின் பெயர் அது. யானையும் மரையும் வேட்டையாடிப் பெயர் பெற்றவர். இன்று அந்தச் சமவெளியில் யானை இல்லை. வேட்டைக்காரரின் பெயர் மட்டும் நீர்வீழ்ச்சியில் இருக்கிறது.

தொழுகையைப் பற்றிக் கேட்டார்கள். பயணிகள் ழுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கித் தொழுதுகொள்ளலாம், பயணத்துக்குரிய தூரம் இருந்தால். வாகனத் தரிப்பிடத்தில் ஒதுங்கித் தொழுங்கள். ஓடையில் சவர்க்காரம் போட வேண்டாம், போத்தலில் கொண்டுபோன தண்ணீரில் சிக்கனமாக வுழூச் செய்யுங்கள். பூமி முழுவதும் தமக்கு ஸஜ்தா செய்யும் இடமாக ஆக்கப்பட்டிருப்பதாக நபியவர்கள் சொன்னார்கள். பள்ளிவாசலின் விரிப்பில் சோற்று உறையை வீசிவிட்டுப் போகிறவர் நம்மில் யாராவது உண்டா? வெள்ளிக்கிழமை போவதற்கு ஏற்பாடு செய்கிறவர்கள் மட்டும் நாளை மாற்றிக்கொள்ளுங்கள். ஜும்ஆ கடமையானவர் அன்று சுபஹுக்குப் பிறகு, வழியில் ஜும்ஆ கிடைக்காத பயணத்தைத் தொடங்குவதை நம் ஷாஃபிஈ மத்ஹபில் தடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக உணவு. சோற்றுப் பார்சலை லஞ்ச் ஷீட்டில் கட்டுவதுதான் பிரச்சினையின் பாதி. வாழை இலையில் கட்டுங்கள், அல்லது டப்பாவில் கொண்டுபோங்கள். பிஸ்கட்டை வீட்டிலேயே உறை பிரித்து ஒரு டின்னில் போட்டுக்கொள்ளுங்கள். நம் மஸ்ஜிதின் சமையலறையில் கந்தூரிக்கும் இஃப்தாருக்கும் பயன்படுத்தும் மூடியுள்ள பெரிய பாத்திரங்களும் சஹன்களும் சும்மா இருக்கின்றன. பயணம் போகிற குழுக்கள் அவற்றை எடுத்துப் போகலாம் என்று நிர்வாக சபையினர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தொழுகை முடிந்ததும் முஅத்தினிடம் பெயரைக் கொடுங்கள். கழுவித் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான்.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவாயாக. வாய் பேச முடியாத உன் படைப்புகள் மறுமையில் எங்களுக்கு எதிராக முறையிடும் நிலையில் எங்களை ஆக்கிவிடாதே. எங்கள் மலைகளுக்கு மழையையும் எங்கள் ஆறுகளுக்கு நீரையும் பறக்கத்தாகத் தந்தருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.